பித்தளை மூக்கெல்லாம் மார்த்தினி இல்லீங்க

டிஸ்கி: பதிவு கொஞ்சம் காரம், நீளமும் ஜாஸ்தி. பழைய கார் படத்தைப் பார்த்த அஞ்சாவது நிமிஷம் பேர் சொல்லிடுற பழக்கம் உள்ளவங்க ஒரு காபியைக் கையில எடுத்துக்கிட்டு உட்காரவும். :-)

பழைய ஃபோட்டோவுல நிக்கிற காருக்குப் பேர் கண்டுபிடிக்கிறது நல்ல பொழுதுபோக்கு. நானும் அந்தக் கூட்டத்துல ஒருத்தன்தான். ராத்திரி ஆணி புடுங்கி முடிச்சதும் சிலர் கிரிக்கெட் பார்ப்பாங்க, நான் ரேடியேட்டர் பார்ப்பேன். ஆனா இந்தக் கூட்டத்துக்கு ஒரு வியாதி பிடிச்சிருக்கு. படம் வந்ததும் பேர் வந்துடணும், அதுவும் கேள்விக்குறி இல்லாம வரணும். முன்னாடி பித்தளை மினுங்கினா ரோல்ஸ் ராய்ஸ். பானெட் முன்பக்கம் சரிஞ்சு இறங்கினா ரெனோ. ஒல்லியா உசரமா நின்னா ஃபோர்டு மாடல் டி. பின்னாடி பனிமலை தெரிஞ்சுட்டா போதும், உடனே "அபூர்வமான சுவிஸ் வண்டி, மார்த்தினி!"

மலைதான் சுவிஸ். வண்டி சுவிஸ்னு யாருய்யா சொன்னா?

என் கட்சியை முதல்லயே சொல்லிடுறேன், அப்புறம் சண்டைக்கு வாங்க. ஒரு வண்டியை அடையாளம் காண்றதுன்னா மத்த பேரையெல்லாம் காரணத்தோட விலக்குறது. அதைச் செய்யாம ஒட்டுற பேர் வெறும் யூகம். ஃபோர்டு விஷயத்துல யூகம் தப்பினா பெரிய நஷ்டம் கிடையாது. 1908லேருந்து 1927 வரைக்கும் ஒன்றரைக் கோடி மாடல் டி செஞ்சிருக்காங்க, ஒரு படம் போனா ஆயிரம் படம் இருக்கு. ஆரம்ப கால சுவிஸ் வண்டிகள்ல அப்படி இல்லை. சில தயாரிப்பாளர்கள் வெளியே விட்ட வண்டிகளே கொஞ்சம்தான். அவங்க இருந்தாங்கங்கிறதுக்கு மிச்சம் இருக்கிற சாட்சி சில பழுப்பேறின படங்கள். அதுல ஒண்ணு மேல தப்பான பேரை ஒட்டினா, அந்தச் சாட்சி நம்ம கண்ணு முன்னாலயே காணாமப் போயிடும். அதான் எனக்கு வயித்தெரிச்சல்.

முதல்ல, யார் யார் இருந்தாங்க?

சுவிட்சர்லாந்துன்னா கடிகாரம், சாக்லேட், வங்கின்னு நிறுத்திக்கிறோம். முதல் உலகப்போருக்கு முன்னாடி அங்கே கார் செஞ்சவங்க பட்டியல் ஆச்சரியப்படுற அளவுக்கு நீளம்.

மார்த்தினின்னதும் ஆலிவ் மிதக்கிற கோப்பை ஞாபகம் வந்தா அது உங்க பிரச்சினை. :-) இந்த மார்த்தினி, ஃப்ராவென்ஃபெல்ட் ஊர்ல துப்பாக்கி செஞ்ச குடும்பம். பிரிட்டிஷ் இந்தியாவுல சிப்பாய்கள் தூக்கின மார்த்தினி-ஹென்றி துப்பாக்கியில இருக்கிற மார்த்தினி இவங்கதான். 1897ல சோதனை வண்டி கட்டி, அப்புறம் நூஷாடெல் பக்கத்துல சென்-பிளேஸ்ல தொழிற்சாலை வெச்சு, 1934 வரைக்கும் தாக்குப் பிடிச்சாங்க.

ஜெனிவாவுல பிக்கார்-பிக்தே. நீர்மின் டர்பைன் செய்யற கம்பெனி, செல்லமா பிக்-பிக். 1914 பிரெஞ்சு கிராண்ட் பிரீ பந்தயத்துல நாலு சக்கரத்துக்கும் பிரேக் வெச்சு வந்தது நாலே தயாரிப்பாளர்கள். டெலாஜ், பெஜோ, ஃபியட், நாலாவது இந்த பிக்-பிக். கான்ஸ்டன்ஸ் ஏரிக்கரையில ஆர்பொன் ஊர்ல சாவுரர். பின்னாடி லாரிக்கும் மலைப்பாதை தபால் பஸ்ஸுக்கும் பேர் வாங்கினவங்க, ஆரம்பத்துல காரும் செஞ்சாங்க. பெர்ன்ல 1902ல தொடங்கி ஓல்டனுக்குப் போய் லாரிக்கு மாறின பெர்னா. பாசெல்ல 1898ல பென்ஸ் சாயல்ல வண்டி கட்டின லோரென்ஸ் பாப். சூரிச்ல 1890கள்லயே வண்டி ஓட்டின ருடால்ஃப் எக். மின்சார வண்டி செஞ்ச ட்ரிபெல்ஹார்ன்.

அப்புறம் என் மனசுக்குப் பிடிச்ச துரிகும். சூரிச் நகரத்தோட லத்தீன் பேர் அது. மார்ட்டின் ஃபிஷர்னு ஒருத்தர் 1904ல கட்டின முதல் வண்டியில ஸ்டியரிங் சக்கரமே கிடையாது, காலால மிதிச்சு திருப்பணும்! பல்சக்கர கியருக்குப் பதிலா ரெண்டு வட்டு ஒண்ணோட ஒண்ணு உராய்ஞ்சு ஓடுற ஏற்பாடு. கொஞ்ச வருஷத்துல அந்த மனுஷன் துரிகுமை விட்டுட்டு வந்து தன் பேர்லயே ஃபிஷர் வண்டி கட்டினார்.

இத்தனை பேர் இருக்காங்க. படத்துக்குக் கீழே எழுதுறப்ப மட்டும் மார்த்தினி ஒண்ணுதான் வாயில வருது. காரணம் சிம்பிள். கேள்விப்பட்ட சுவிஸ் பேர் அது ஒண்ணுதான். நமக்குத் தெரிஞ்ச பேரு, படத்துல இருக்கிற வண்டிக்கு ஆதாரம் ஆகாது சாமி.

ரேடியேட்டர் பார்த்து சொல்லிடலாமா?

"நான் ரேடியேட்டர் வடிவத்தைப் பார்த்தே சொல்லிடுவேன்"னு நெஞ்சை நிமிர்த்துற நண்பர்களுக்கு மூணு தடைக்கல் வைக்கிறேன்.

ஒண்ணு, லைசென்ஸ். மார்த்தினி கம்பெனி ஆரம்ப வருஷங்கள்ல செஞ்சது பிரான்ஸ் நாட்டு ரோஷே-ஷ்னைடர் வண்டியோட வடிவமைப்பை, முறைப்படி உரிமம் வாங்கி. பிக்கார்-பிக்தே கட்டின முதல் கார்கள், எஸ்.ஏ.ஜி.ங்கிற பேர்ல வித்தது, ஹிஸ்பானோ-சூய்ஸா உரிமத்துல செஞ்சது. பிக்-பிக்ங்கிற பேர் 1910 வாக்குலதான் வருது. ஒரே வடிவமைப்புல ரெண்டு நாட்டுல ரெண்டு பேர்ல வண்டி ஓடினா, மங்கின படத்துல அதைப் பிரிக்கிறது எப்படி? பேர்த்தகடு தெரியணும், இல்லேன்னா அந்தப் படத்தோட வரலாறு தெரியணும்.

இதுக்கு நல்ல உதாரணம் மார்த்தினியோட பிரபலமான சாகசம். 1903ல கேப்டன் டீசிங்கிறவர் மார்த்தினி வண்டியை மோந்த்ரே ஊருக்கு மேல ரோஷே-த-நே மலையில, பல்சக்கர ரயில் பாதை மேலயே ஓட்டிக்கிட்டு ஏறினார். நம்ம ஊட்டி ரயில்ல கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவுல தண்டவாளத்துக்கு மத்தியில பல் வெச்ச பட்டை இருக்கே, அதே மாதிரி பாதை. அந்த வண்டி மார்த்தினின்னு நாம அடிச்சுச் சொல்ல முடியுது. ஏன்? யார் ஓட்டினாங்க, எப்போ, எங்கேங்கிற பதிவு இருக்கு. மூக்கோட அழகை வெச்சு இல்லை. அதே வண்டியை ஏதோ ஒரு வீட்டு வாசல்ல நிறுத்தி, எழுத்து ஒண்ணும் தெரியாம எடுத்த படத்தைக் கொடுத்தா, "1903 வாக்கு, ரோஷே-ஷ்னைடர் வகை, மார்த்தினியா இருக்கலாம்"னு நிறுத்துறதுதான் யோக்கியம்.

ரெண்டாவது, பாடி. இது நம்ம ஆளுங்களுக்கு நல்லாப் புரியணும். கரூர் பக்கம் பஸ்ஸுக்கு பாடி கட்டுறதைப் பார்த்திருப்பீங்க. வெறும் சேசிஸ் வரும், மேல கூடு கட்டுறது வேற பட்டறை. ரெண்டு கம்பெனி சேசிஸ் மேல ஒரே பட்டறைக்காரர் ஒரே மாதிரி கூடு கட்டுவார். அன்னிக்கு ஐரோப்பாவுல கார் வித்ததும் பெரும்பாலும் இப்படித்தான். சேசிஸ் ஒரு கம்பெனி, பாடி வேற பட்டறை. ஜெனிவாவுல காங்லோஃப் மாதிரி பேர்பெற்ற பாடி பட்டறைகள் இருந்துச்சு. ஆக கதவு வளைவு, சீட்டு குஷன், கூரையோட மடிப்பு இதையெல்லாம் வெச்சு தயாரிப்பாளரைச் சொல்றது, பஸ் ஜன்னலைப் பார்த்து இஞ்சின் யாருதுன்னு சொல்ற மாதிரி. விளக்கு, ஹாரன், டயர் எல்லாம் கடையில தனியா வாங்கி மாட்டினது. அதுவும் சாட்சி ஆகாது.

மூணாவது, காப்பி. 1901ல மேபாக் வடிவமைச்ச மெர்சிடிஸ் வண்டி தேன்கூடு ரேடியேட்டரோட வந்தப்புறம், ஐரோப்பா முழுக்க அந்த முகத்தைக் காப்பியடிச்சாங்க. பானெட் முன்னாடி சரிஞ்சு, ரேடியேட்டர் பின்னாடி போற வடிவம் ரெனோவோட தனிச்சொத்துன்னு நினைக்கிறாங்க. அதே காலத்துல ஷாரோனும் க்ளெமோன்-பயாரும் அதே வடிவத்துல வண்டி வித்திருக்காங்க. அதனால "முகம் ரெனோ"ங்கிறது ஒரு தொடக்கம்தான். அங்கேயே பாய் விரிச்சுப் படுத்துடாதீங்க.

பேரைப் படிச்சுட்டாலும் ஆபத்து தீரலை. ஹப் கேப்ல "அயாக்ஸ்"னு எழுத்து தெரியுதா? சூரிச்ல 1906 வாக்குல அயாக்ஸ் இருந்துச்சு. அமெரிக்காவுல 1925ல நாஷ் கம்பெனி வேற ஒரு அயாக்ஸ் விட்டுச்சு. "துஃபோ"ன்னு பேர் வந்தா எந்த துஃபோ? ஜெனிவாவுல ஷார்ல், ஃப்ரெடெரிக்னு ரெண்டு துஃபோக்கள் 1904ல கோர்டன் பென்னட் கோப்பைக்காக எட்டு சிலிண்டர் பந்தய வண்டி கட்டினாங்க, அது இன்னிக்கும் லூசெர்ன் போக்குவரத்து அருங்காட்சியகத்துல நிக்குது. 1905ல 26 லிட்டருக்கு மேல கொள்ளளவுள்ள நாலு சிலிண்டர் ராட்சசனும் கட்டினாங்க. அதே ஜெனிவாவுல ஆன்றி, அர்மான்னு இன்னும் ரெண்டு துஃபோக்கள். இவங்க மோட்டோசகோஷ் மோட்டார் சைக்கிள் செஞ்சவங்க. இதுல அர்மான் 1910ல ஜெனிவா ஏரி மேல விமானமே ஓட்டினார். நாலு பேரையும் ஒரே குழம்புல போட்டுக் கிண்டுறதை எத்தனை இடத்துல பார்த்தாச்சு. முடியல.

சுவிஸ்னா என்ன சுவிஸ்?

இங்கேதான் இன்னொரு கும்மி. "ஹிஸ்பானோ-சூய்ஸா, பேர்லயே சுவிஸ் இருக்கே!" இருக்கு. வடிவமைச்ச மார்க் பிர்கிட் 1878ல ஜெனிவாவுல பிறந்தவர். ஆனா கம்பெனி 1904ல பார்சலோனாவுல ஆரம்பிச்சது. அதே 1878ல லா-ஷோ-த-ஃபோன்ல பிறந்த லூயி ஷெவ்ரலே 1911ல டெட்ராய்ட்ல தன் பேர்ல கார் கம்பெனி தொடங்கக் காரணமா இருந்தார். அதுக்காக ஷெவ்ரலேயை சுவிஸ் கார்னு எழுதுவோமா? மாட்டோம்ல. அப்ப இதுக்கு மட்டும் ஏன்?

எல்லைக்கோட்டு மேலயே நிக்கிற கேசும் உண்டு. சூர்ஷர், லூத்தின்னு ரெண்டு பேர் சென்-ஓபென்ல இஞ்சின் செஞ்சாங்க. இசட், எல் ரெண்டு எழுத்தையும் சேர்த்து உச்சரிச்சா செடெல். தொழிற்சாலை எல்லை தாண்டி பிரான்ஸ்ல போந்தார்லியேவுக்குப் போச்சு, கடைசியில அது டொனே-செடெல்னு ஆச்சு. செடெல் கார் சுவிஸ்ஸா, பிரெஞ்சா? "சுவிஸ் ஆளுங்க, பிரெஞ்சு தொழிற்சாலை"ன்னு முழுசா எழுதினா யாருக்கும் குத்தம் இல்லை. ஒத்தை வார்த்தையில முடிக்கணும்னு அவசரப்படுறப்பதான் பொய் பிறக்குது.

கோர்டன் பென்னட் கோப்பைக்காரங்க இதை அப்பவே யோசிச்சிருக்காங்க. ஒரு நாட்டுக்காகப் போட்டி போடுற வண்டியோட எல்லா பாகமும் அந்த நாட்டுலயே செஞ்சிருக்கணும்னு விதி வெச்சாங்க. அவ்வளவு கறாரா நாம இருக்க வேணாம். எந்த அர்த்தத்துல சுவிஸ்னு ஒரு வரி சொல்லலாம், அவ்வளவுதான் கேட்கிறேன்.

படத்துக்குள்ளயே இருக்கிற பொறிகள்

ஸ்டியரிங் வலது பக்கம் இருந்தா நம்ம கண்ணு உடனே "இங்கிலாந்து"ங்கும். இடது பக்கமா ஓட்டுற ஊர்ல வளர்ந்த பழக்கம். அந்தக் காலத்துல வலது பக்கமா ஓட்டுற நாடுகள்லயும் வலது ஸ்டியரிங் சர்வசாதாரணம். சுவிஸ் மலைப்பாதை தபால் பஸ்கள்ல ரொம்ப காலம் அப்படியே வெச்சிருந்தாங்க, டிரைவருக்குப் பாதாளத்தோட விளிம்பு கண்ணுல படணும்னு. ஆக வலது ஸ்டியரிங் எந்த நாட்டுக்கும் முத்திரை இல்லை.

அதுக்கும் முன்னாடி ஒரு கேள்வி. படம் நேரா இருக்கா, திருப்பிப் போட்டிருக்காங்களா? கண்ணாடித் தகடு நெகடிவை மாத்தி வெச்சு அச்செடுத்தா இடம் வலம் மாறிடும். கடைப் பலகை எழுத்தைப் பாருங்க. எழுத்து இல்லேன்னா ஆம்பிளைங்க கோட்டுப் பொத்தானைப் பாருங்க, இடது மடிப்பு வலது மேல வரணும். அந்த ஒரு பொத்தான் ஸ்டியரிங் பத்தின பத்து வாதத்தை முடிச்சு வெக்கும்.

நம்பர் பிளேட். சுவிஸ்ல சூரிச்சுக்கு இசட்-ஹெச் மாதிரி கன்டோன் எழுத்தோட பிளேட் வந்தது 1933ல, 1932 மோட்டார் வாகனச் சட்டத்துக்கு அப்புறம். அதுக்கு முன்னாடி எண்தான், ஒவ்வொரு கன்டோனுக்கும் ஒரு எண் வரிசை. 1908 மாதிரி தெரியுற வண்டியில கன்டோன் எழுத்து இருந்தா, வண்டி 1908தா இருக்கலாம், படம் 1933க்கு அப்புறம் எடுத்தது. முட்டை வடிவத் தகட்டுல சி-ஹெச் இருந்தா, அது 1909 பாரிஸ் உடன்படிக்கைக்குப் பிந்தினது. படத்தோட தேதியும் வண்டியோட தேதியும் வேற வேற. அதைவிட முக்கியம், பிளேட் சொல்றது வண்டி எங்கே பதிவாச்சுன்னு மட்டும்தான். ஜெனிவா பதிவு எண்ணோட ஓடின பிரெஞ்சு வண்டிகளுக்குப் பஞ்சமே கிடையாது.

அடுத்தது குதிரை. காரைக் குதிரை இழுத்துக்கிட்டுப் போற பழைய சுவிஸ் படம் வந்தா, "ஹிஹி, அப்பவே பிரேக்டவுன்"னு ஒரு கமெண்ட் நிச்சயம். அண்ணாச்சி, க்ராவ்புந்தன் கன்டோன்ல 1900 ஆகஸ்ட்ல கார் ஓட்டத் தடை போட்டாங்க. அந்தத் தடை 1925 ஜூன் வரைக்கும் இருந்துச்சு. மக்கள் பத்துத் தடவை ஓட்டுப் போட்டு, கடைசி ஓட்டுலதான் நிரந்தரமா நீங்குச்சு. நடுவுல அந்தப் பக்கம் போக வேண்டியவங்க இஞ்சினை அணைச்சுட்டுக் குதிரை கட்டி இழுத்துக்கிட்டுப் போனாங்க. நல்லா ஓடுற வண்டிதான், சட்டம்தான் ஓட விடலை. டாவோஸும் செயின்ட் மோரிட்ஸும் அந்தக் கன்டோன்லதான் இருக்கு. "1910, செயின்ட் மோரிட்ஸ் தெருவில் உல்லாசமாக ஓடும் கார்"னு தலைப்பு போட்டா, ஒண்ணு வருஷம் தப்பு, இல்லே ஊர் தப்பு, இல்லேன்னா அதுக்கு ஒரு தனிக் காரணம் வேணும். இந்த ஒரு தகவல் ரேடியேட்டரை விட அதிகமா வேலை செய்யும். ஆனா இதுக்குக் கொஞ்சம் படிக்கணும், பேர் அடிச்சு விடுறது ஈஸி.

பொட்டி தட்டுறவன் பேசுறேன்

இப்ப புது வியாதி. பழைய படத்தை ஏஐகிட்டே கொடுத்து கலர் அடிக்கிறது, ஷார்ப் பண்றது, "இது என்ன கார்"னு கேட்டு வந்த பதிலை அப்படியே ஒட்டுறது. இது என் தொழில் பக்கம் வர்றதால சத்தமாவே சொல்றேன்.

கலர் விஷயம். அந்தக் காலத்து ஃபோட்டோ தகடுகள்ல பெரும்பாலானதுக்கு சிவப்பு தெரியவே தெரியாது, நீலம் ரொம்பத் தெரியும். சிவப்பு கருப்பா விழும், நீலம் வெளுத்துப் போகும். படத்துல கருப்பா இருக்கிற வண்டி ரத்தச் சிவப்பா இருந்திருக்கலாம். வெளுத்த வண்டி நீலமா இருந்திருக்கலாம். அந்தத் தகவல் தகட்டுலயே இல்லை. இல்லாததை எந்த மென்பொருளும் மீட்டு எடுக்காது, கற்பனைதான் பண்ணும். அந்தக் கற்பனைப் பச்சையை வெச்சு "அந்தக் கம்பெனி வண்டி பச்சைதான், பொருந்துதே"ன்னு வாதாடினா என்னத்தச் சொல்ல.

ஷார்ப் பண்றது இன்னும் மோசம். மங்கின ஹப் கேப்ல நாலஞ்சு புள்ளிதான் பதிவாகியிருக்கும். ஏஐ அதை எழுத்து மாதிரி ஏதோ ஒண்ணா வரைஞ்சு கொடுக்கும். நாம அதைப் படிச்சுட்டு சாட்சின்னு தூக்கிட்டு வருவோம். சாட்சியை நாமளே செஞ்சு நாமளே விசாரிக்கிற கதை.

பேர் சொல்றதைப் பத்தி. படத்தை வகைப்படுத்துற மாடல் தான் நிறையப் பார்த்ததைத்தான் முதல்ல சொல்லும். மாடல் டி ஒன்றரைக் கோடி, துரிகும் துளியூண்டு. கொடுத்த பட்டியல்ல துரிகுமே இல்லேன்னா, துரிகும் படத்தைக் காட்டினாலும் பட்டியல்ல இருக்கிற ஏதோ ஒரு பேர்தான் வரும், அதுவும் 97 சதவீதம் உறுதின்னு கம்பீரமா வரலாம். அந்த உறுதி, தெரிஞ்ச பேர்களுக்குள்ள நடந்த போட்டியோட முடிவு. தெரியாத பேர் போட்டிக்கே வரலை. கேட்டா மெஷின் தப்புன்னு சிரிக்கிறோம். பனிமலையைப் பார்த்து மார்த்தினின்னு சொல்ற மனுஷனும் இதே வேலையைத்தானே செய்றான்? அவன் பட்டியல்ல இருந்த ஒரே சுவிஸ் பேர் அது.

இதுல பெரிய ஆபத்து வட்டமா சுத்துறது. இன்னிக்கு நீங்க தப்பா ஒட்டின மார்த்தினி பேர், நாளைக்கு இன்னொருத்தர் ஒப்பிட்டுப் பார்க்கிற "மாதிரிப் படம்" ஆயிடும். அவர் தன் கையில இருக்கிற துரிகுமையோ பெர்னாவையோ அதோட ஒப்பிட்டு, அதுவும் மார்த்தினிதான்னு முடிவு கட்டுவார். ரெண்டும் மாடலுக்குப் பாடமாப் போகும். நாலு சுத்து சுத்தினப்புறம் யார் எதைப் பார்த்து எதைச் சொன்னாங்கன்னு பிரிக்கவே முடியாது. அபூர்வ வண்டிக்கு எதிரா எல்லாரும் ஒத்துமையா சாட்சி சொல்லுவோம்.

"அட, ஜாலிக்குத்தானே!"

எதிர்வாதம் வரும், தெரியும். "யூகம் சொன்னாத்தான் பேச்சு வளரும், தப்புன்னா தெரிஞ்சவங்க வந்து திருத்துவாங்க." பாதி சரி. ஃபோர்டு, ஃபியட், பென்ஸ்னா திருத்த ஆயிரம் பேர் இருக்காங்க. பாப் வண்டிக்கும் ட்ரிபெல்ஹார்ன் வண்டிக்கும் எத்தனை பேர் வருவாங்க? எங்கே திருத்துறதுக்கு ஆள் குறைவோ அங்கே தப்பு நின்னுடும். எந்த வண்டி அபூர்வமோ அதுக்குத்தான் இந்த ஜாலி ரொம்பச் செலவு வைக்கும்.

அப்படியே ஒருத்தர் வந்து திருத்தினாலும், திருத்தம் பின்னூட்டத்துல நாப்பத்தி மூணாவதா கிடக்கும். படமும் முதல் தலைப்பும் மட்டும் வெட்டி ஊரெல்லாம் பறக்கும். படம் போற தூரத்துக்குத் திருத்தம் போனதா சரித்திரமே கிடையாது.

இன்னொரு கோஷ்டி. "தெரியாதுன்னு எழுதினா படத்துக்கு மதிப்பே இல்லையே." உண்மையில தலைகீழ். "தெரியாது"ன்னு எழுதின படத்தை நாளைக்கு விஷயம் தெரிஞ்ச ஒருத்தர் தேடி வந்து பார்ப்பார், அது இன்னும் திறந்திருக்கிற வழக்கு. "ரெனோ"ன்னு முடிச்சு வெச்ச படத்தை சுவிஸ் வண்டி தேடுறவர் திறந்தே பார்க்க மாட்டார். ஏன் பார்க்கணும்? ரெனோன்னு எழுதியிருக்கே!

யூகமே கூடாதுன்னு நான் சொல்லலை. யூகத்துக்குப் பக்கத்துல ஒரு கேள்விக்குறி போடுங்க, காரணத்தை எழுதுங்க. காரணம் எழுதினா தப்பா இருந்தாலும் பின்னாடி வர்றவன் எங்கே வழுக்குச்சுன்னு கண்டுபிடிச்சுடுவான்.

அப்ப எப்படித்தான் எழுதணும்?

நான் பழகி வெச்சிருக்கிற வரிசை இது. யாருக்கும் கட்டாயம் இல்லை.

1. படம் எங்கேருந்து வந்தது? பின்பக்கம் எழுத்து, ஸ்டூடியோ முத்திரை, தபால் அட்டைன்னா முத்திரைத் தேதி. வண்டியைப் பார்க்கிறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க.

2. படம் திருப்பி அச்சாகியிருக்கா? பொத்தான், பலகை எழுத்து.

3. கண்ணால பார்த்ததை மட்டும் எழுதுங்க. ரேடியேட்டர் வெளிக்கோடு, பானெட்டுல காத்துத் துளைகள், முன் அச்சும் பட்டை ஸ்பிரிங் முனையும், கிராங்க் போடுற இடம், ஹப் கேப், ஒவ்வொரு சக்கரத்துலயும் ஆரக்கால் எத்தனை, பின் சக்கரத்துக்கு செயின் போகுதா இல்லையா. இதெல்லாம் சேசிஸ் செஞ்சவனோட கைரேகை. பாடி, விளக்கு, ஹாரன் கடைசியில.

4. தெரிய வாய்ப்பே இல்லாததைச் சொல்லாதீங்க. உராய்வு வட்டு ஓட்டமா, உள்ளே எந்த மாதிரி வால்வுங்கிறதெல்லாம் மூடின பானெட் படத்துல தெரியாது. அதை வெச்சுப் பேர் சொன்னா, முதல்ல பேரை முடிவு பண்ணிட்டு அப்புறம் காரணம் தேடினதா அர்த்தம்.

5. குறைஞ்சது ரெண்டு வேற பேரை எடுத்து, ஏன் அது இல்லைன்னு சொல்லுங்க. சொல்ல முடியலைன்னா அந்தப் பேர்களும் உயிரோடதான் இருக்கு, அதையும் சேர்த்து எழுதுங்க.

6. எது கிடைச்சா உங்க முடிவு உடையும்னு ஒரு வரி. உதாரணமா, "இதே ஆரக்கால் எண்ணிக்கையோட தேதி உறுதியான ரோஷே-ஷ்னைடர் படம் கிடைச்சா நான் சொன்னது நிக்காது."

இதையெல்லாம் செஞ்சா படத்துக்குக் கீழே வரப்போறது இப்படி இருக்கும்: "1905-08 வாக்கில், செயின் ஓட்டம், வலது ஸ்டியரிங், எண் மட்டும் உள்ள சுவிஸ் பிளேட், பன்னிரண்டு ஆரக்கால் முன் சக்கரம். தயாரிப்பாளர் தெரியவில்லை. மார்த்தினி என்று சொல்ல ஆதாரம் போதாது." பார்க்க மொக்கையாத்தான் இருக்கும். லைக்கும் விழாது. ஆனா இதுல ஒரு வார்த்தையை நாளைக்கு யாரும் திரும்ப வாங்க வேண்டி வராது. சரியான ஆள் வந்தா அடுத்த வரியை அவர் எழுதுவார்.

துரிகும் கதை 1912ல முடிஞ்சுது, ஃபிஷர் 1914ல. பிக்-பிக் 1920கள்ல. கம்பெனி போச்சு, தொழிலாளி போயிட்டார், வண்டியும் பெரும்பாலும் இரும்புக்கடைக்குப் போயிடுச்சு. மிச்சம் இருக்கிறது தெருவோரத்துல எவனோ எடுத்த ஒரு படம். அதுக்குக் கீழே எழுதுறதுக்கு முன்னாடி ஒரு பத்து நிமிஷம் எடுத்துக்கங்க, அவ்வளவுதான் நான் கேட்கிறது.

மாற்றுக் கருத்து இருக்கிறவங்க பின்னூட்டத்துல தாராளமா மொத்தலாம். காரணத்தோட வாங்க, கேள்விக்குறியோட வாங்க. பனிமலையை மட்டும் கூட்டிக்கிட்டு வராதீங்க. :-)

பி.கு: "அப்ப நீ இதுவரைக்கும் எத்தனை வண்டிக்குப் பேர் சொல்லியிருக்கே"ன்னு கேட்கப் போறவங்களுக்கு: பேர் சொன்னதை விட "தெரியலை"ன்னு எழுதினதுதான் அதிகம். அந்தக் கோப்பு என் கணினியில தினமும் குண்டாகிக்கிட்டே போகுது, அதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.